தரையிலும் கடலிலும்: திருக்குர்ஆன் விளக்கமும் சூழலுக்கான பொறுப்பும்

இஸ்லாமும் சுற்றுச்சூழலும் என்ற தலைப்பில் எங்கே கூட்டம் நடந்தாலும் அங்கே தவறாமல் ஓதப்படுவது அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம். மனிதர்களின் கைகள் செய்த வினையால் தரையிலும் கடலிலும் கேடு வெளிப்பட்டுவிட்டது; அவர்கள் திருந்தித் திரும்ப வேண்டும் என்பதற்காக அந்த வினையின் ஒரு பகுதியை அவர்களே சுவைக்குமாறு இறைவன் செய்கிறான் என்பது அதன் கருத்து. பிளாஸ்டிக் மிதக்கும் கடலையும் மொட்டையடிக்கப்பட்ட மலையையும் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, இந்த வசனம் இன்றைக்கென்றே இறங்கியதுபோல் இருக்கும்.

பழைய விரிவுரையாளர்கள் அதை இப்படி வாசிக்கவில்லை. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த முஜாஹித், தரையில் விளைந்த கேடு என்பது ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்றது என்றார். கடலில் விளைந்த கேடு, கப்பல்களைப் பலவந்தமாகப் பறித்துக்கொண்ட அரசனின் செயல். இக்ரிமா, கடல் என்றால் இங்கே நீர்க்கரையில் அமைந்த ஊர்கள் என்று விளக்கினார். 1373இல் மறைந்த இப்னு கஸீர், மழை பொய்ப்பதையும் விளைச்சல் குறைவதையும் மனிதர்களின் பாவங்களோடு சேர்த்துப் பேசினார். காற்றும் நீரும் நஞ்சாவது என்ற பொருள் இவர்கள் எவர் எழுத்திலும் இல்லை.

அப்படியென்றால் இன்றைய வாசிப்பு வசனத்துக்குள் வலிந்து புகுத்தப்பட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. முஜாஹித் சுட்டிய அந்த அரசனைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவன் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் மூஸா நபியும் கிள்ரும் சேர்ந்து பயணம் செய்யும் கதையில் வருகிறவன். அவன் பறிக்க இருந்த படகு, கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு என்று குர்ஆனே சொல்கிறது. ஆக, கடலின் கேடு என்று அந்தப் பழைய தலைமுறை புரிந்துகொண்டது, வலியவன் கை நீண்டு எளியவனின் பிழைப்பு பறிபோவதை. விஷக் கழிவால் மீன்வளம் அழிந்து வலைஞர்கள் தெருவுக்கு வருவது அந்தப் புரிதலுக்கு அந்நியமானதல்ல. பழைய உரையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய உரையை உட்காரவைக்கத் தேவையில்லை. பழைய உரையில் இருக்கும் நீதி உணர்வை இன்றைய கடலுக்கு நீட்டினால் போதும்.

கடந்த அரை நூற்றாண்டாக இஸ்லாமியச் சூழலியல் எழுத்து பெரும்பாலும் வேறு வழியில் போயிருக்கிறது. ஈரானிய அறிஞர் சையத் ஹுசைன் நஸ்ர் 1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் 1968இல் நூலாக வந்தன. இயற்கை புனிதத்தை இழந்ததே நவீன நெருக்கடியின் வேர் என்றது அந்நூல். அதன் பிறகு எழுதியவர்களில் பலர், மனிதனைப் பூமியில் இறைவனின் பிரதிநிதியாக நிறுத்தும் கருத்தை மையமாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆதாரம் அல்பகரா அத்தியாயத்தின் 30ஆம் வசனம்: பூமியில் ஒரு கலீஃபாவை ஏற்படுத்தப்போவதாக இறைவன் வானவர்களிடம் அறிவிக்கும் இடம்.

இந்த மையம் பார்ப்பதற்குத் தெரியும் அளவுக்கு உறுதியானதல்ல. 923இல் மறைந்த தபரீ தொகுத்த பழைய கருத்துகளில், ஆதமுக்கு முன் பூமியில் ஜின்கள் வாழ்ந்து குழப்பம் விளைவித்தன, அவற்றுக்குப் பின் வந்து குடியேறியவனே மனிதன் என்ற விளக்கம் இருக்கிறது. தலைமுறைக்குப் பின் தலைமுறையாக ஒருவர் இடத்தில் ஒருவர் வருவது என்ற விளக்கமும் இருக்கிறது. ஒருபோதும் இல்லாமல் போகாத இறைவனுக்குப் பதிலாள் எதற்கு என்று இப்னு தைமிய்யா பிரதிநிதிக் கருத்தையே மறுத்தார். இருபதாம் நூற்றாண்டில் மௌதூதி போன்றோர் அதை அரசியல் தத்துவமாக வளர்த்தெடுத்த பிறகுதான் அது எல்லா மேடைகளிலும் சாதாரணமாகப் புழங்கும் கருத்தாயிற்று. விலங்குகளைக் குர்ஆன் எப்படிப் பார்க்கிறது என்று 2012இல் விரிவாக நூல் எழுதிய ஸாரா திலீலி, மனிதனை எல்லாவற்றுக்கும் மேலே உட்காரவைக்கும் வாசிப்பு மூலத்தில் அவ்வளவு அழுத்தமாக இல்லை என்று வாதிடுகிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அல்பகராவின் அதே வசனத்தில் வானவர்கள் உடனே ஒரு கேள்வி எழுப்புகிறார்கள்: குழப்பம் செய்து இரத்தம் சிந்தக்கூடியவனையா அங்கே வைக்கப்போகிறாய்? மனிதனுக்கு உயர்ந்த பதவி தரும் வசனம் என்று நாம் கொண்டாடும் இடத்திலேயே அவனைப் பற்றிய குற்றப்பத்திரிகையும் வாசிக்கப்படுகிறது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் வானங்களும் பூமியும் மலைகளும் அஞ்சி ஏற்க மறுத்த அமானிதத்தை மனிதன் ஏற்றுக்கொண்டான் என்று சொல்லும் வசனம், அவன் அநியாயக்காரன், அறியாதவன் என்று முடிகிறது. வானங்களையும் பூமியையும் படைத்தது மனிதனைப் படைத்ததைவிடப் பெரிது என்கிறது இன்னோர் இடம். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது அல்அன்ஆம்.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இயங்கிய இக்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு, இந்த வசனங்களின் போக்கிலேயே நெடிய கதை ஒன்றை எழுதியது. ஒரு தீவில் கரையேறிய மனிதர்கள் அங்குள்ள விலங்குகளை அடிமையாக்க முயல, விலங்குகள் ஜின்களின் அரசனிடம் போய் முறையிடுகின்றன. மனிதர்கள் தங்கள் அழகைச் சொல்கிறார்கள், அறிவைச் சொல்கிறார்கள், நகரங்களைச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விலங்குகள் தரப்பில் பதில் வருகிறது. கடைசியில் மறுமை வாழ்வையும் தங்களிடையே தோன்றிய இறைநேசர்களையும் காட்டித்தான் மனிதர்களால் வழக்கில் தப்பிக்க முடிகிறது. பலத்தை வைத்தோ புத்தியை வைத்தோ மனிதனுக்கு உரிமை எழுதிக் கொடுக்க அந்தப் பஸ்ராக்காரர்கள் தயாராக இல்லை.

நஸ்ருக்கும் அவரைப் பின்பற்றியவர்களுக்கும் உள்ள மதிப்பைக் குறைக்காமலே இதைச் சொல்கிறேன். பொறுப்பைப் பற்றிப் பேச இஸ்லாமிய மரபில் பதவியைவிட வலுவான இன்னொரு வழி இருக்கிறது. அது ஹக்கு என்ற வழி. இது இன்னாருக்குச் சேரவேண்டிய பாத்தியதை, இதை இவன் தர வேண்டும், தராவிட்டால் இவனைக் கேட்க வேண்டும் என்று ஃபிக்ஹுச் சட்ட நூல்கள் கணக்குப் போட்டுச் சொல்லும் வழி. அதில் மேடைப்பேச்சுக்கு இடம் குறைவு. தப்பிப்பதற்கும் இடம் குறைவு.

ஸமூது கூட்டத்தாரின் வரலாறு இதன் வேர். ஸாலிஹ் நபிக்கு அத்தாட்சியாக வந்த பெண் ஒட்டகத்துக்கு நீரில் ஒரு முறை, ஊராருக்கு ஒரு முறை என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஊரார் அந்த ஒட்டகத்தின் கால் நரம்பை வெட்டினார்கள். அழிவு வந்தது. ஒரு நாகரிகத்தின் முடிவை குர்ஆன் ஒரு மிருகத்தின் தண்ணீர் முறையோடு கட்டிவைக்கிறது என்பதைச் சூழலியல் மேடைகள் இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஹதீஸ்களில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. பசியால் வாடவிட்டு அளவுக்கு மீறி வேலை வாங்கிய உரிமையாளரை நபிகள் நாயகம் கண்டித்த ஒட்டகச் சம்பவம் அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நீர்த்துறையிலும் நடைபாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்பதும் அங்கே இருக்கிறது. தண்ணீர், புல்வெளி, நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியிலிருந்து பொதுச்சொத்துச் சட்டமே கிளைத்தது. இதையெல்லாம் வைத்து, 1262இல் மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் விலங்குகளுக்கு மனிதன் தரவேண்டிய உரிமைகளை ஒரு பட்டியலாகவே எழுதினார். கிழடாகியோ நோயுற்றோ இனி ஒரு பயனும் தராது என்ற நிலையிலும் அதற்குத் தீனி போட வேண்டும். தாங்க முடியாத சுமை ஏற்றக் கூடாது. அதைக் காயப்படுத்தும் வேறு மிருகத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அதன் கண் முன்னே அதன் குட்டியை அறுக்கக் கூடாது. பயனற்றுப்போன மிருகத்துக்கும் தீனி என்ற விதிதான் இதில் முக்கியம். பயன் இருக்கும்வரை பராமரிப்பதற்குச் சட்டம் தேவையில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால், மேடைகளில் அதிகம் கேட்கும் ஒரு நபிமொழியின் நிலை கொஞ்சம் பலவீனமானது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தொழுகைக்கு முன் செய்யும் ஒளூவில் தண்ணீரை வீணாக்காதே என்ற இப்னு மாஜா அறிவிப்பின் தொடரை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் பலவீனமானது என்றே சொல்கிறார்கள். அதே கருத்துக்கு உறுதியான ஆதாரம் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. நபிகள் நாயகம் ஒரு முத்து, அதாவது இரு கைகளும் நிறையக் கொள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்ற அறிவிப்பு அது. ஹவுளிலிருந்து குழாய்க்கு மாறிவிட்ட நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் எழுதிவைக்கத் தகுந்தது இந்த அறிவிப்பே.

மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிக் காக்கும் ஹிமா என்ற ஏற்பாட்டில்தான் இந்த மரபு முழு வடிவம் பெறுகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் வலிமையுள்ள தலைவன் ஒரு மேட்டில் நாயைக் குரைக்கவிட்டு, அந்தக் குரல் எட்டும் எல்லைவரை உள்ள புல்வெளியைத் தனக்கென வளைத்துக்கொள்வான் என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவன் மந்தை மற்றவர் நிலத்திலும் மேயும். மற்றவர் மந்தை அவன் நிலத்தில் நுழையக் கூடாது. அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் அன்றி வேறு ஹிமா இல்லை என்று அறிவித்து நபிகள் நாயகம் இந்தத் தனியார் வேலியை உடைத்தார்கள். பொது நன்மைக்காக மட்டும் மதீனாவுக்கு அருகே நகீஃ பள்ளத்தாக்கை ஒதுக்கினார்கள்.

அடுத்து கலீஃபா உமரின் காலம். ரபதா போன்ற இடங்களில் ஹிமா அமைந்தது. அதற்குக் காவலாக ஹுனை என்ற பணியாளரை நியமித்தபோது கலீஃபா சொன்னவை புகாரியிலும் இமாம் மாலிக்கின் முவத்தாவிலும் பதிவாகியிருக்கின்றன. மக்களிடம் கடுமை காட்டாதே, அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு என்று தொடங்குகிறார். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவனை உள்ளே விடு என்கிறார். இப்னு அவ்ஃபின் மந்தையும் இப்னு அஃப்பானின் மந்தையும் வந்தால் தள்ளி நிறுத்து என்கிறார். இவர்கள் சாதாரண ஆட்களல்லர். அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃபும் உஸ்மானும் மிகச் சிறந்த நபித்தோழர்கள், உஸ்மான் பின்னாளில் கலீஃபாவானவர். ஆனால் பெரும் செல்வர்கள். அவர்கள் கால்நடை அழிந்தால் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கிறது, அங்கே போய்விடுவார்கள். ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான். அப்போது கஜானாவிலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிது. இதுதான் உமரின் கணக்கு.

இதைவிட என்னை ஆழமாகத் தொடுவது அவர் அடுத்துச் சொன்னது. இந்த மக்கள் நான் தங்களுக்கு அநீதி செய்துவிட்டதாக நினைக்கிறார்கள், இது அவர்கள் போராடிக் காத்த அவர்கள் நிலம், படைக்கான வாகனப் பிராணிகள் இல்லையென்றால் இதில் ஒரு சாண் மண்ணைக்கூட நான் ஒதுக்கியிருக்க மாட்டேன் என்கிறார். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஓர் அரசு கோடு போடும்போது உள்ளூர்க்காரர் இழப்பது எவ்வளவு என்பதை அந்த ஆட்சியாளர் தன் கணக்கில் சேர்த்திருந்தார். தேசியப் பூங்காவுக்காகக் காட்டுக்குடிகளை வெளியேற்றிய இருபதாம் நூற்றாண்டு அரசுகள் பலவற்றுக்கு இந்த உறுத்தல் இருந்ததில்லை.

அரபுத் தீபகற்பத்தில் கிராமங்களும் குலங்களும் பராமரித்த ஹிமாக்கள் நூற்றாண்டுகள் நீடித்தன. 1950களில் சவூதி அரசு புல்வெளிகளை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு பெரும்பாலானவை மேய்ந்து அழிந்தன. லெபனானில் பறவைப் பாதுகாவலர்கள் 2004 முதல் உள்ளாட்சிகளோடு சேர்ந்து ஹிமா என்ற பெயரிலேயே சில இடங்களை மீட்டெடுத்திருக்கிறார்கள்.

மூலநூல்கள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று சொன்னால் அது உண்மையாகாது. படையை அனுப்பும்போது கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள், உணவுக்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதீர்கள் என்று கலீஃபா அபூபக்கர் கட்டளையிட்டார். ஆனால் நபிகள் நாயகம் காலத்தில் பனூ நளீர் குலத்தாரை முற்றுகையிட்டபோது பேரீச்ச மரங்கள் வெட்டப்பட்டதை அல்ஹஷ்ர் அத்தியாயம் இறைவன் அனுமதியோடு நடந்தது என்கிறது. சட்ட அறிஞர்களில் அவ்ஸாஈ போன்றோர் அபூபக்கரின் சொல்லைப் பற்றிக்கொண்டார்கள். வேறு பலர் போர்த்தேவை இருந்தால் ஆகும் என்றார்கள். தரிசை உயிர்ப்பித்தவனுக்கே அந்த நிலம் என்ற நபிமொழியும் இருமுனை உடையது. பாலைவனத்தில் கிணறு வெட்டியவனுக்கு அது நியாயம். ஆனால் அடர்ந்த காட்டையே ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று பார்க்கும் கண்ணுக்கு அது கோடரி. அதனால்தான் பழைய சட்ட அறிஞர்கள், ஊரார் விறகு எடுக்கும், ஆடு மேய்க்கும் சுற்றுப்புறத்தைத் தரிசு என்று கணக்கிட்டு எவனும் வளைக்கக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். வசனத்தை ஓதுவது எளிது. வரம்பு போடுவதுதான் விளக்கக் கலை.

அந்தக் கலையை நம் காலத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றவர்களில் ஒருவர் இலங்கையில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய ஃபஸ்லுன் காலித். பர்மிங்ஹாமில் இஸ்லாமியச் சூழலியல் அமைப்பை நிறுவிய அவர், 1990களின் இறுதியில் சான்சிபார் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த மிஸாலிக்குப் போனார். பவளப்பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து மீன் பிடிக்கும் பழக்கம் அங்கே பரவியிருந்தது. அரசு தடைகளால் அது நிற்கவில்லை. மீனவர்களையும் இமாம்களையும் உட்காரவைத்துக் குர்ஆன் வசனங்களிலிருந்து பேசிய பயிலரங்குகளுக்குப் பலன் கிடைத்தது. அந்தத் தீவைப் பற்றி உள்ளூரில் வழங்கும் கதையும் சுவையானது: கிள்ர் நபி அங்கே வந்து தொழுகைப் பாய் கேட்டாராம், மீனவர்களிடம் இல்லை, மக்காவை நோக்கிக் கிடக்கும் இந்தத் தீவே என் தொழுகைப் பாய் என்றாராம்.

உலகில் மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் இந்த முயற்சி ஃபத்வா வடிவம் எடுத்தது. அங்குள்ள இந்தோனேசிய உலமா சபை, நஹ்தத்துல் உலமா, முஹம்மதிய்யா போன்ற பேரமைப்புகளின் அறிஞர்களையும் உள்ளடக்கிய பொதுச் சபை. சுரங்கத்தைப் பற்றி 2011இல், அருகிவரும் விலங்கினங்களைப் பற்றி 2014இல், காட்டுத் தீயைப் பற்றி 2016இல், பருவநிலை மாற்றத்தைப் பற்றி 2023இல் அது தீர்ப்புகள் வழங்கியது. புலி, யானை, ஒராங்ஊத்தன் போன்றவற்றைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்ற 2014 ஃபத்வாவுக்கு முன், உலமாக்கள் சுமத்திராவுக்கு நேரில் போய் நிலைமையைப் பார்த்தார்கள். நூலை மட்டும் பார்க்காமல் நிலத்தையும் பார்த்து எழுதப்பட்ட தீர்ப்பு அது.

2016 தீர்ப்பு இன்னும் கூர்மையானது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டேர் காடும் கரிநிலமும் எரிந்து, புகை மலேசியா, சிங்கப்பூர் வரை மூடியிருந்தது. தீ வைப்பது ஹராம் என்பதோடு சபை நிற்கவில்லை. அதற்கு வசதி செய்து கொடுப்பதும், கண்டும் காணாமல் விடுவதும், அதிலிருந்து இலாபம் பெறுவதும் ஹராம் என்றது. தீக்குச்சி உரசிய கூலியாளோடு விஷயத்தை முடித்துவிடாமல், எரிந்த நிலத்தில் செம்பனை நடுகிறவன் வரைக்கும் பொறுப்பை நீட்டிய விளக்கம் இது. உமர் ஹுனையிடம் சொன்னதில் இருந்த நீதி இதில் இருக்கிறது.

பிறகு 2024 வந்தது. அந்த ஆண்டு மே மாதம் இந்தோனேசிய அரசு, மத அமைப்புகளுக்குச் சுரங்க உரிமங்களில் முன்னுரிமை தரும் விதியைக் கொண்டுவந்தது. கத்தோலிக்க ஆயர்கள் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். படாக் மக்களின் பெரிய புரொட்டஸ்டன்ட் திருச்சபையும் மறுத்தது. நஹ்தத்துல் உலமா ஏற்றது. ஜூலையில் முஹம்மதிய்யாவும் ஏற்றது. பள்ளிகளும் மருத்துவப் பணிகளும் நடத்தப் பணம் வேண்டும், சமுதாய நலனுக்காகவே ஏற்கிறோம், சூழலைக் காத்தபடி தோண்டுவோம் என்பது அவர்கள் தரப்பு. 1994இல் சிபாசுங் மாநாட்டில், கேடு விளைவிக்கும் மாசு ஹராம் என்று தீர்மானித்த அதே நஹ்தத்துல் உலமா இது. அதன் இளைஞர்களில் ஒரு பிரிவினர், 2013 முதல் இயற்கை வளங்களுக்காகத் தனி முன்னணி அமைத்து, மத்திய ஜாவாவின் கெண்டெங் மலையில் சிமெண்ட் ஆலையை எதிர்த்த உழவர்களோடு நின்றவர்கள், தங்கள் தலைமையையே எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள்.

நலன் என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மஸ்லஹா, அதாவது பொது நன்மை, ஷரீஅத்தின் அங்கீகரிக்கப்பட்ட அடிப்படை. கிராமத்து மதரஸாவுக்குக் கூரை போடவும் பணம் வேண்டும். ஆனால் நன்மை யாருக்கு, தீமை யாருக்கு என்று பிரித்துக் கேட்காத மஸ்லஹா, நாயைக் குரைக்கவிட்டு நிலம் வளைத்த தலைவனின் நன்மையாகவே முடியும். கிழக்குக் காலிமந்தானில் தோண்டிவிட்டு மூடாமல் கைவிட்ட நிலக்கரிக் குழிகளில் மழைநீர் தேங்கி, அதில் மூழ்கிச் சிறுவர்கள் இறந்திருக்கிறார்கள். நஹ்தத்துல் உலமாவுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது.

இங்கேயும் ஃபிக்ஹிடம் தயாரான கேள்வி ஒன்று உண்டு. கிணற்றில் விழுந்தவனுக்கும் சுரங்கத்தில் இறந்தவனுக்கும் ஈட்டுத்தொகை இல்லை என்று ஒரு நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சுரங்க முதலாளி ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு கைகழுவிவிடலாம். சட்ட அறிஞர்கள் அப்படி விடவில்லை. தன் சொந்த நிலத்தில் முறையாகத் தோண்டியவனுக்குத்தான் அந்த விலக்கு என்றார்கள். மக்கள் நடமாடும் பொதுவழியில் உரிய அனுமதியின்றித் தோண்டிய குழியில் ஒருவன் விழுந்து இறந்தால் தோண்டியவன் ஈடு கொடுக்க வேண்டும். அமானிதச் சட்டமும் இதையே வேறு வகையில் சொல்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருள் தற்செயலாக அழிந்தால் பொறுப்பில்லை. கவனக்குறைவால் அழிந்தால் ஈடு கட்ட வேண்டும். ஊர் ஓரத்தில் வேலியில்லாமல் விட்ட ஆழ்குழி எந்த வகையில் சேரும் என்பதைச் சொல்லப் பெரிய முஃப்தி தேவையில்லை.

2023 ஃபத்வா பருவநிலையைக் காப்பதைக் கடமை என்றது. அடுத்த ஆண்டே நஹ்தத்துல் உலமாவும் முஹம்மதிய்யாவும் நிலக்கரி உரிமத்தை ஏற்றது, என் பார்வையில், அந்தத் தீர்ப்புக்கும் 2016 தீர்ப்பின் இலாபம் பற்றிய விதிக்கும் முரணான செயல். அந்த இரு அமைப்புகளின் அறிஞர்களும் மறுபடி உட்கார்ந்து, தங்கள் சக உலமாக்கள் எழுதிய அதே வாசகத்தைத் தங்கள் உரிமத்துக்கும் பொருத்திப் பார்த்து, முடிவை மாற்ற வேண்டும். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க எந்தப் புதிய ஆய்வும் தேவையில்லை, எந்தப் புதிய வசனத்தையும் தேட வேண்டியதில்லை.